மின்னுக்கும் மீனுக்கும் ஒரு சுழி

இனி இந்த வீட்டில் ஒரு பொருளையாவது தானே பார்த்து, தானே பேசி, தன் இஷ்டப்படி வாங்கிவிடுவது என்று ஜெராக்ஸ்காரர் முடிவெடுத்தது, மீன்கள் செத்ததற்கு மறுநாள் காலையில்.

அந்த வீட்டில் தொழில் இரண்டு. ரோட்டைப் பார்த்த முன்னறையில் அவருடைய ஜெராக்ஸ் கடை. பின்னறையில் அவர் மனைவியின் மீன் வளர்ப்பு. சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குத் தொட்டி ஒரு மெல்லிய குழாய், குழாயின் நுனியில் ஓயாத குமிழி. ஒரு பழைய பாட்டிலில் இரண்டு மீன் போட்டு ஆரம்பித்தவள்தான். இன்று வெளியூர்க் கடைக்காரர்கள் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிப் போகிறார்கள். ஜெராக்ஸ் தொழிலோ வெயிலில் வைத்த ஐஸ்கட்டி. யாரும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. போனிலேயே படம் பிடித்து, போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் தெருவில் அவளுக்கு 'ஜெராக்ஸ்காரர் சம்சாரம்' என்று பேர். இப்போது அவருக்கு 'மீனக்கா வீட்டுக்காரர்' என்று பேர். வீட்டிலும் அப்படித்தான். குழாயில் முதல் தண்ணீர் மீனுக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மீன் தின்னும் புழு டப்பா. குளிக்கிற பக்கெட்டில்கூட ஏதோ ஒன்று நீந்திக்கொண்டிருக்கும். பார்த்துத்தான் மொண்டு ஊற்ற வேண்டும்.

முந்தின நாள் நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கரண்ட் போனது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பழசாகிப்போய் அடிக்கடி மூச்சைவிடும். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அன்று ஆகவில்லை. ஒரு கல்லூரிப் பெண்ணின் ப்ராஜெக்ட் பாதி மெஷினுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் மாட்டிக்கொண்டது. அவள் வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். உள்ளே குமிழி நின்றுபோன தொட்டிகளில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"என்னங்க, ஒரு மக்கை எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். இருவரும் தொட்டி தொட்டியாகத் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அதில் கலக்கிற காற்றுதான் மீனுக்கு உயிர். பக்கத்துக் கடைத் தையல்காரரும் வந்து ஒரு சொம்பை எடுத்துக்கொண்டார். ஒரு தொட்டியைக் காப்பாற்றி நிமிர்வதற்குள் அடுத்த தொட்டி மூச்சுக்குத் தவித்தது. கரண்ட் வந்தபோது கீழ்த்தட்டுத் தொட்டிகளில் அசைவில்லை. அவள் மாதக்கணக்கில் ஜோடி சேர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்த இனம் அது. கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த குஞ்சுகள்.

அவள் அழவில்லை. சின்ன வலையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். அவர் பக்கத்தில் நின்றார். "விடு, மறுபடியும் வளர்த்துடலாம்," என்றார்.

"ம்," என்றாள்.

ராத்திரி முழுக்க அந்த 'ம்' அவர் காதிலேயே இருந்தது. காலையில் எழுந்ததும், "ஜெனரேட்டர் வாங்கப்போறேன்," என்றார். "நீ எதுலயும் தலையிட வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"சரிங்க," என்றாள்.

மனைவி 'சரிங்க' என்று சொன்னால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே அவர் கற்றிருந்தார். ஆனால் அன்று உற்சாகத்தில் கடந்துபோய்விட்டார்.

ஜெனரேட்டர் கடைக்காரர் நிதானமான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல என்னென்ன ஓட்டப்போறீங்க?"

"ஜெராக்ஸ் மெஷின். ஒரு லைட்டு, ஒரு ஃபேன்."

"மெஷின் சூடேறும்போது நிறைய இழுக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பவரா பார்த்து வாங்கணும். வீட்டுல வேற எதுவும்?"

"சம்சாரம் மீன் வளர்க்குது. காத்து பம்ப் இருக்கு."

"அது ஒண்ணுமே இல்லைங்க. ஒரு பல்பு எரியற மாதிரி. மெஷினோட சேர்ந்து அதுவும் ஓடிட்டுப் போகும்."

ஜெராக்ஸ்காரருக்கு இது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் மனதில் வேறொரு படம் ஓடியது. ஜெனரேட்டர் வீட்டுக்கு வந்து இறங்குகிறது. தையல்காரர் எட்டிப் பார்க்கிறார். "ஓ, மீனுக்கு வாங்கினீங்களா?" என்கிறார். தெருவே கேட்கிறது. மின்னுக்கும் மீனுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம். அந்தச் சுழியும் தன் தலையில்தான் எழுதியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தண்ணீர் போயிற்று, ஃப்ரிட்ஜ் போயிற்று, பக்கெட் போயிற்று. இது ஒன்றாவது தன் பேரில் இருக்கட்டும். மீன் சாகக்கூடாது, அதுவும் சரி. அதற்கு வேறு வழி பண்ணிவிடலாம்.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று பெட்டிக்குள் அடைத்தது, ஓடுவதே தெரியாது. இன்னொன்று திறந்த மேனி. நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"சத்தம் போடறதே இருக்கட்டும்," என்றார்.

"எல்லாரும் சத்தமில்லாததைத்தான் கேப்பாங்க."

"தெரு இருட்டா கிடக்கும்போது என் கடை திறந்திருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. இதை வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது. வாசல், ஜன்னல் பக்கமும் ஆகாது. இதோட புகை வாசனையே இல்லாம ஆளைத் தூக்கிடும். வெட்டவெளியா, தள்ளி ஒரு இடம் பாருங்க."

"பார்த்துக்கறேன்," என்றார் ஜெராக்ஸ்காரர். அவர் மனம் ஏற்கெனவே வேறொரு காரியத்தில் இருந்தது. மனைவியிடம் என்ன சொல்வது?

சாப்பிடும்போது சொன்னார். "ஒரு சிக்கல் இருக்கு. கரண்ட்டுன்றது தண்ணி மாதிரி. தூரம் போகப்போகச் சன்னமாயிடும். முன்னால கடைக்குப் பக்கத்துல ஜெனரேட்டர வச்சா, பின்னால மீன் ரூம் வரைக்கும் வந்து சேராது."

"தடிமனான ஒயரா போட்டா?"

"எந்த ஒயர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. தூரம்னா தூரம்தான். ஆனா நீ கவலைப்படாதே. பேட்டரி பம்ப்னு ஒண்ணு வருது. கரண்ட் போனா தானா ஓடும். உனக்கு வேணுங்கற அளவுக்கு வாங்கித் தர்றேன்."

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

"சரிங்க. பம்ப்பை முதல்ல வாங்கிடுங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனசாட்சி லேசாக உறுத்தியது. அதைச் சமாதானப்படுத்த, இருப்பதிலேயே நல்ல பேட்டரி பம்ப்புகளாகப் பார்த்து, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவள் அதையெல்லாம் மாட்டி, கரண்டை நிறுத்திப் பார்த்து, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு தொட்டியிலும் குனிந்து சரிபார்த்தாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்தபோது, தான் செய்தது பொய்யாக இருந்தாலும் நல்ல பொய் என்று ஜெராக்ஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கடைக்கு வாங்கினது," என்றார் ஜெராக்ஸ்காரர், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "நல்லா இருக்குங்க. எங்க வைக்கப்போறீங்க?"

"இதோ, இந்த நடையில."

"கடைக்காரர் புகையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

இதில் மட்டும் பொய் சொல்ல முடியாது. "வீட்டுக்குள்ள கூடாதுன்னார்."

"அப்ப நடையில கூடாது. முன்னால ரோட்டோரம்?"

முன்னால் இரண்டு படி, அதற்கப்புறம் ரோடு. கடைக்கு வருகிறவர்கள் நிற்பதே ஒற்றைக்காலில். அங்கே வைத்தால் முதல் லாரி அடித்துக்கொண்டு போகும்.

"பக்கத்துச் சந்துல வைக்கலாம்," என்றார்.

"என் கட்டிங் டேபிள் ஜன்னல் அங்கதான் இருக்கு," என்றார் தையல்காரர். "நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பார்க்கறேன்."

மிச்சம் இருந்தது வீட்டுக்குப் பின்னால் உள்ள வெட்டவெளி. மதில் ஓரமாக, எந்த ஜன்னலுக்கும் எட்டாமல் ஒரு மூலை. ஜெனரேட்டரை அங்கே கொண்டுபோய் மேடை கட்டி, கூரை போட்டு உட்கார வைத்தார்கள். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, மிகவும் கவலையாகக் கேட்டாள்.

"ஏங்க, இங்கேர்ந்து உங்க கடை ரொம்பத் தூரமாச்சே. கரண்ட் சன்னமாயிடாது?"

ஜெராக்ஸ்காரர் மதிலைப் பார்த்தார். மதிலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"தடிமனான ஒயரா போட்டா சரியாயிடும்," என்றார்.

"நீங்கதானே எந்த ஒயரும் பிரயோஜனமில்லைன்னீங்க."

"அது வந்து..."

"தூரம்னா தூரம்தான்னீங்க."

"சொன்னேன்."

"அவ்வளவு பெரிய மெஷின். கரண்ட் பத்தாம வந்து கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது? நமக்கு சோறு போட்டது அந்த மெஷின்தாங்க. அதுல விளையாடக்கூடாது."

அவள் கிண்டல் செய்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் அந்தத் தட்டையும் அந்த வலையையும் பற்றிப் பேச்சு வரும். குஞ்சுகள் செத்த வீட்டில், பம்ப்புக்குக் கரண்ட் தர மனசில்லாமல் கதை கட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஜெனரேட்டர் மெஷின்கிட்ட வர முடியாது," என்றாள் அவள், தனக்குத்தானே கணக்குப் போடுகிறவள் போல. "அப்ப மெஷின்தான் ஜெனரேட்டர்கிட்ட வரணும். பின்னறையில வச்சுக்கங்க. பக்கத்துல, சௌகரியமா இருக்கும். என் தொட்டியை எல்லாம் முன்னால நகர்த்திக்கறேன். எனக்குத்தான் பேட்டரி பம்ப் இருக்கே. எங்க இருந்தா என்ன?"

அந்த வார இறுதியில் வீடு தலைகீழானது. மீன்களைப் பக்கெட்டில் மாற்றி, தொட்டிகளைக் காலி செய்து, அலமாரியை அக்கு அக்காகக் கழற்றி முன்னறையில் மாட்டினார்கள். மெஷினைத் தள்ளிக்கொண்டு போனவர் அவரேதான். இத்தனை வருஷமாக அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கனத்தது. அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"உங்க போர்டைக் கழற்ற வேண்டாங்க. அது அங்கேயே இருக்கட்டும்," என்றாள் மெதுவாக. "வர்றவங்களுக்கு நான் வழி காட்டறேன்."

அடுத்த முறை கரண்ட் போனது ஒரு சாயங்காலம். ஜெராக்ஸ்காரர் வெளியே ஓடி, கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினார். அது ஊரைக் கூட்டியது. மெஷின் சூடேறி, வெளிச்சம் ஓட, சுடச்சுடக் காகிதம் வந்தது. கரண்ட் இல்லாத தெருவில் ஜெராக்ஸ் எடுக்க வேறு இடமில்லாததால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். எல்லோரும் முன்னறை வழியாகத்தான் வர வேண்டும். வந்தவர்கள் தொட்டிகளின் முன்னால் நின்றார்கள். வேலை முடிந்து திரும்பும்போதும் நின்றார்கள். ஒரு கையில் ஜெராக்ஸும் இன்னொரு கையில் தண்ணீர்ப் பையில் மீனுமாகப் போனவர்கள் பலர். அவருக்கு அன்றைக்கு வந்த வேலை, சமீபத்தில் எந்த நாளும் வந்ததைவிட அதிகம். அதில் பாதிப் பேர் மீன் பார்க்க வந்து, "அப்படியே இதை ஒரு காப்பி எடுத்துடலாம்" என்று வந்தவர்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் குறைந்ததும் முன்னறைக்கு வந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் ஒரு தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். புதுக் குஞ்சுகள். கண்ணுக்குத் தெரியாத அளவில், ஊசி முனை ஊசி முனையாக. எல்லாம் உயிரோடு இருந்தன. அவரும் பக்கத்தில் மண்டியிட்டார்.

"என்னங்க," என்றாள் அவள், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வர்றவங்களுக்கு மீன் சரியாத் தெரியமாட்டேங்குது. தொட்டிக்கு மேல சின்னதா லைட்டு போட்டா நல்லா இருக்கும். உங்க ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துத் தர்றீங்களா?"

இந்த ஒரு விஷயத்திலாவது ஜெயித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நொடி நம்பிக்கை பிறந்தது. எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அதான் சொன்னேனேம்மா. இவ்வளவு தூரம் வந்தா கரண்ட் சன்னமாயிடும்."

"பரவாயில்லைங்க," என்றாள் மனைவி. "சின்ன லைட்டுதானே. சன்னமா வந்தாலே போதும்."

ஜெராக்ஸ்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒயர் வாங்கக் கிளம்பினார்.