பால்கோவா கலருக்கு ஒரு ஓலெட்

இந்த ராஜபாளையத்தில் லேப்டாப் திரையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் எவனும் கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் மனைவி காளீஸ்வரி சொல்ல மாட்டாள்.

ஐ.பி.எல். தொடங்குவதற்குள் ஓலெட் திரை போட்ட லேப்டாப் ஒன்று என் மடியில் உட்கார வேண்டும். சபதமே எடுத்துவிட்டேன். மில்லில் கணக்கு எழுதுகிற எனக்கென்று கேட்டால் நடக்காது. காளீஸ்வரி வீட்டிலிருந்தே நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கிறாள், பீரோ சாவி அவள் இடுப்பில். அதனால் அவளுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். மூளை என்றால் இதுவல்லவா மூளை!

“ஏட்டி, நம்ம பழைய லேப்டாப்பு டி.என். பேனலு. தூக்கிப் போடு.”

“டி.என்.னா தமிழ்நாடுதான? நம்ம ஊர் சாமானுக்கு என்ன கொறைச்சல்?”

“அது வேற டி.என். மூடியைச் சாய்ச்சா வெளுக்கும், நிமித்துனா கறுக்கும். அதுல பாத்துத்தான பால்கோவா கலர் நைட்டி மங்கலா இருக்குன்னு படத்துல வெளுப்பை ஏத்துன? போன்ல பாத்தவுகளுக்கு அது பால் கலரு. கையில பால்கோவா வந்ததும் திருப்பி அனுப்பிட்டாக.”

அவள் முகம் வாடியது. அம்பு தைத்துவிட்டது!

“அப்ப அந்த ஐ.பி.எஸ்.? நீங்க போன்ல கத்துனதக் கேட்டு பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்கா, போலீசு வருதான்னு கேட்டாக.”

“ஐ.பி.எஸ். எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் ஒரே கலரு. தெனப்படி வேலைக்கு அம்புட்டுப் போதும். ஓலெட்டு அதுக்கும் மேல. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும். கறுப்புன்னா அட்டக் கறுப்பு. கலர் பாத்துத் தொழில் செய்யுதவுகளுக்கு அதுதான்.”

“கலர் பாத்துத் தொழில் செய்யுதவுகளுக்கு,” என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்சன் கடை. காளீஸ்வரி பையிலிருந்து கால் கிலோ பால்கோவாவை எடுத்தாள். ஒவ்வொரு லேப்டாப்பிலும் வெளுப்பு ஏற்றாத நைட்டி படத்தைப் போடச் சொல்லி, பால்கோவாவைப் பக்கத்தில் பிடித்தாள்.

டி.என். திரை: “டீத்தூளு.”

ஐ.பி.எஸ்.: “தேவலை.”

ஓலெட்: “இப்பத்தான் சட்டியில இருந்து எறக்குனது!”

சாம்சன் திரையையும் பால்கோவாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். யார் கொடுத்த பயிற்சி! அந்த மகிழ்ச்சியில் பால்கோவாவை வாங்கி ஓரமாய் நின்று தின்று முடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் முதல் மேட்ச். புது லேப்டாப்பைத் தொட்டேன்.

“கையை எடுங்க.”

“செத்த நேரம் மேட்ச்சு...”

“இது கலர் பாத்துத் தொழில் செய்யுதவுகளுக்குன்னு நீங்கதான சொன்னீக? நீங்க பால்கோவா தின்னுக்கிட்டு இருக்கும்போது சாம்சன் அண்ணன் இன்னொண்ணும் சொன்னாக. ஓலெட்டுல ஒரே படம் ரொம்ப நாளு ஒரே எடத்துல நின்னா தழும்பு விழுமாம். உங்க ஸ்கோர் பட்டை தெனமும் அடியிலேயே நிக்கும். பொறவு என் நைட்டி ஓரத்துல எவன் அவுட்டுன்னு எழுதியிருந்தா, எவ வாங்குவா?”

“அப்ப எனக்கு?”

பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி என் மடியில் வைத்தாள். “மில்லுக் கணக்கு டைப் அடிக்கத்தான? உங்களுக்குத் தமிழ்நாடு போதும்.”

மேட்ச் பார்த்தேன். இரண்டு அணியும் டீத்தூள் கலரில் ஆடின.