உடம்பு இஃதிகாபில், தலை ஒழுங்கையில்

கடை வைத்திருக்கிற எவனையும் கேட்டுப் பாருங்கள். தான் ஒரு நாள் வராவிட்டால் கடை படுத்துவிடும் என்றுதான் சொல்வான். வாயால் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான். நான் வாயாலும் சொன்னேன், மனதிலும் நினைத்தேன், அதையே சாக்காக வைத்து அல்லாஹ்வுக்கே வருடக்கணக்காகத் தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இஃதிகாப். நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல், தொழுவதும் ஓதுவதுமாக அங்கேயே தங்கியிருப்பது. எனக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை. தொழுகையில் நின்றால் கூட என் துணிக்கடைச் சாறன் கட்டுகள்தான் கண்ணுக்குள் வரும். ஸுஜூதில் நெற்றியை வைத்தபடி, எந்தத் தட்டில் எந்தச் சல்வார் முடிந்துவிட்டது என்று கண்டுபிடித்த ஆள் நான். (கடையில் எங்கே வைத்தேன் என்று மறந்துபோன சாமானெல்லாம் தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் கிடைத்துவிடும்.) இப்படியே ஒரு நாள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விடுவேனோ என்று சில நேரம் உண்மையாகவே பயம் பிடிக்கும். பத்து நாளாவது இந்த மனதை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவனுக்கு அந்தக் கடைசிப் பத்தில்தானே வருடத்தின் வியாபாரமே நடக்கும்?

"அடுத்த வருஷம் கட்டாயம் இரிக்கிறன்" என்பேன் என் மனைவி ஜெஸீமாவிடம்.

"இப்பிடியே அடுத்த வருஷம் அடுத்த வருஷமெண்டு போனா, கபுறுக்குள்ளதான் இஃதிகாப் இரிக்கப் போறீங்க" என்பாள் அவள்.

ஒரு வருடம் அவள் வேறு மாதிரிச் சொன்னாள். "இந்த முறை போங்க. கடைய நான் பாக்கிறன்."

நான் சிரித்தேன். அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பும் நோன்பின் கடைசிப் பத்தும் ஒன்றாக வந்திருந்தன. அக்கரையில் உள்ள படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து வருடப்பிறப்புக்குப் புதுத்துணி எடுக்க வரும். நம்முடைய சனம் பெருநாளுக்கு எடுக்க வரும். இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க இலங்கையிலேயே ஒருவனால்தான் முடியும் என்பது என் அபிப்பிராயம். அந்த ஒருவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன சிரிக்கிறீங்க? நாலு புள்ளைகளையும் உங்களையும் சேத்து வீட்டில மேய்க்கிறன். கடையென்ன பெரிய கடை?"

கடைச் சாவியை நீட்டினேன். போனையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். நான் பாயும் தலையணையுமாகப் பள்ளிக்குள் போய், ஒரு ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தேன். காற்றுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சின்னச் சந்தாக ஒரு ஒழுங்கை ஓடுகிறது. அந்த ஒழுங்கையால் வந்தால் என் கடை இரண்டு நிமிட நடை. அது தற்செயலாக அமைந்தது என்று இன்றும் சொல்வேன், நீங்கள் நம்ப வேண்டாம்.

ஜெஸீமாவின் தம்பி றிஸ்வானுக்கு என் கடையில்தான் வேலை. அவன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் வந்து நின்று கடைச் சேதி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் பள்ளிக்குள் கொடுக்கல் வாங்கல் பேசக் கூடாது. அது எனக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரியும்: நபியவர்கள் இஃதிகாபில் இருந்தபடியே தலையை மட்டும் வெளியே நீட்ட, மனைவியார் முடியை வாரிவிட்டார்கள் என்று மௌலவி பயானில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே உடம்பு உள்ளே இருக்கும்போது தலை வெளியே போனால் குற்றமில்லை. வாய் இருப்பது தலையில். தலை ஒழுங்கையில் இருந்தால் பேச்சும் ஒழுங்கையில்தானே நடக்கிறது? (இந்தச் சட்டத்தை யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.)

முதல் நாள் ஜன்னல் கம்பிக்கு வெளியே மூக்கும் வாயும் மட்டும் போயின. அடுத்த நாள் கன்னம் வரை போனது. மூன்றாம் நாள் றிஸ்வான் தன் அக்காவைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சேதி சொன்னான்.

"மச்சான், ராத்தா எல்லா உடுப்பிலயும் விலைய எழுதி ஒட்டிப்போட்டா. பேரம் இல்லயாம். உங்கிட கதிரையையும் மேசையையும் பின்னுக்குத் தள்ளிப்போட்டா. அது நடுவில நிண்டுதான் சனத்துக்கு நடக்க ஏலாம இரிந்ததாம்."

"பேரம் இல்லயா? ஆருக்கு இல்ல?" என்று கத்தியபடி முன்னால் பாய்ந்தேன். கோபத்தில் காது சுருங்குமோ என்னவோ, தலை முழுவதும் கம்பிக்கு வெளியே வந்துவிட்டது. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்து உள்ளே இழுத்தபோது வரவில்லை. இரண்டு காதும் இரண்டு கம்பியில் கொளுவி நின்றன.

முதலில் றிஸ்வான் சிரித்தான். பிறகு ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பூசினான். சவர்க்காரம் போட்டான், அது கண்ணுக்குள் போனது. உள்ளே யாரோ என் சாறனைப் பிடித்து இழுத்தார்கள். (சாறனை இழுப்பது தலைக்கும் உதவாது, மானத்துக்கும் உதவாது.) ஒழுங்கையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் மௌலவியின் குரல் கேட்டது.

"மௌலவி, இஃதிகாப் முறிஞ்சிட்டா?" என்று ஒழுங்கையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"உடம்பு உள்ளுக்குத்தானே இரிக்கு, முறியல்ல. ஆனா தலைய என்னத்துக்கு வெளிய போட்டீங்க?"

நோன்பு வாய். பொய் சொல்ல வழியில்லை. "சாறன் விலை பேச" என்றேன். உள்ளே யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார், அதன் பின் பள்ளி முழுவதும் சிரித்தது.

அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் அக்கா வந்தார். படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலையில் இருந்து வருடா வருடம் என்னிடம் துணி எடுக்கிறவர். ஒரு சேலைக்கு ஒரு மணித்தியாலம் என்னோடு மல்லுக்கட்டாமல் போனதே இல்லை. இரண்டு கையிலும் பைகள்.

"என்ன தம்பி, தலை மட்டும் வந்திரிக்கு?"

"அக்கா, நான் இல்லாம கடையில சரியாக் கவனிச்சாங்களா?" அந்த நிலையிலும் நான் கேட்டது இதைத்தான்.

"ஐயோ, எவ்வளவு சுகம். விலை ஒட்டியிரிக்கு, எடுத்தன், குடுத்தன், வந்திட்டன். உங்கட மனிசி தேத்தண்ணியும் தந்தவ. நீங்க இரிந்தா எனக்கு வீட்ட போகப் பொழுதுபட்டிரும்." பையைக் கீழே வைத்துவிட்டு, என் தலையில் வழிந்த எண்ணெயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். "நீங்க ஆறுதலாக் கும்பிட்டிட்டு வாங்க தம்பி. அவசரமில்ல."

கம்பி காதை அறுத்தது பெரிதாக வலிக்கவில்லை. அந்த 'அவசரமில்ல' வலித்தது. என் தலையைப் பிடித்து வைத்திருந்தது கம்பி மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் இல்லாமல் கடை நடக்கவில்லை என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்றுதான் மூன்று நாளும் அந்த ஜன்னலில் காத்துக் கிடந்திருக்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் ஜெஸீமா வந்தாள். பாங்கு கேட்டது. அவள் ஈத்தம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு என் வாயில் வைத்தாள். கஞ்சியைக் கரண்டியால் ஊதி ஊதித் தந்தாள். கலியாணம் முடித்த காலத்தில் கூட இப்படி ஊட்டியதில்லை. கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச, கடைய இப்ப ஆரு பாக்கிற?" என்றேன் கஞ்சிக்கு நடுவில்.

"கடைய நான் பாக்கிறன். நீங்க உங்களப் படைச்ச ரப்பப் பாருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கண் கலங்கியது. சவர்க்காரம் என்று சமாளித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நீள இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து கம்பிகளுக்கு இடையில் கொடுத்து நெம்பினார். அந்த இரும்பு என் காதோரம் உரசிய நேரத்தில் நான் ஓதிய அளவு மனம் ஒன்றி வாழ்நாளில் ஓதியதில்லை. தலை உள்ளே வந்தது. நேராகப் போய் மஃரிப் ஜமாஅத்தில் நின்றேன். அன்று எனக்குச் சாறனும் வரவில்லை, சல்வாரும் வரவில்லை. ஸுஜூதில் அழுதேன். மீதி நாட்கள் பள்ளியின் மறுகோடியில், ஜன்னலே இல்லாத தூணோரம் கழிந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான நாட்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

வளைந்த கம்பிகளை நிர்வாகம் இன்றுவரை நிமிர்த்தவில்லை. ஒரு படிப்பினையாக இருக்கட்டுமாம். வீட்டில் சமையல் சரியில்லை, பிள்ளைகள் படிக்கிற விதம் சரியில்லை என்று நான் எதிலாவது மூக்கை நுழைத்தால், "வாப்பா, தலைய உள்ளுக்கு எடுங்க" என்கிறாள் கடைசி மகள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் இஃதிகாபுக்குப் போகிறேன். போகிறேன் என்பதை விட அனுப்பப்படுகிறேன் என்பது சரி. போன நோன்பில், பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று, அஸருக்குக் கொஞ்சம் முன்னால் கடை வாசலில் ஜெஸீமா ஒரு காட்போட் மட்டையைத் தொங்கவிட்டாள். 'முதலாளி இஃதிகாபுக்குப் போய்விட்டார். பெருநாள் வியாபாரம் ஆரம்பம்' என்று அவளே பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். நான் அப்போது இன்னும் கடைக்குள்தான் இருந்தேன். வாசலில் நின்ற பெண்கள் மட்டையை வாசித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வராமல் நான் வெளியேறும்வரை பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.