நல்ல சேதிக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடை

நம்மிடையே ஒரு வகை மனிதர் உண்டு. நல்ல சேதிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். நல்ல சேதி கொண்டுவருகிறவர் போலிருக்கிறது என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அவர் கேட்கிறவர். அதுவும் அடுத்தவர் வயிற்றிலிருந்து.

கல்யாணமான ஜோடி எங்கே அகப்பட்டாலும் அவருக்குப் போதும். பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, லிஃப்டில் நான்கு பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வேறு யாரையோ பார்க்க வந்த இடத்தில் ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, "அப்புறம்... விசேஷம் ஏதாவது உண்டா?" என்பார். "இல்லைங்க" என்றால், "அதெல்லாம் காலாகாலத்துல ஆகணும்" என்பார். "வேலை ஜாஸ்தி" என்றால், "வேலை எங்கயும் ஓடிடாது" என்பார். "யோசிச்சிக்கிட்டு இருக்கோம்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "இதுல யோசிக்க என்ன இருக்கு?" சோபா ஒன்று வாங்க ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தவர் கேட்கிற கேள்வி இது.

இந்த வகையில் தலைசிறந்த ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சுற்றத்தில் பாதிப் பேருக்கு அவர் மாமா. ஆகவே நமக்கும் மாமா என்றே இருக்கட்டும்.

மாமாவுக்குத் தொழிலே தோதாக அமைந்துவிட்டது. மற்ற நல்ல சேதிக்காரர்கள் கேள்வி கேட்டால் ஜனங்கள் நழுவிவிடலாம். மாமா கடையில் அது நடக்காது. உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகும் அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிடுவார். அதோடு எங்கே ஓடுவது?

"முதல் வரியைப் படிங்க." படிப்பார்கள். "ரெண்டாவது வரி?" அதையும் படிப்பார்கள். "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆகுது?" மூன்றாவது வரிக்குள் குழந்தை விஷயம் வந்துவிடும். "ஒண்ணே ஒண்ணு பெத்து எங்க கையில குடுத்துடுங்க, நாங்க வளர்த்துக்கறோம்" என்பார். யார் இந்த 'நாங்க'? சொந்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, அழுகைச் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டவர் இவர். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, அதாவது நம் அத்தை, இதைக் கேட்கும்போதெல்லாம் கூரையைப் பார்ப்பாள். சிலருக்குக் கடைசி வரி கலங்கலாகத் தெரியும். அது பார்வைக் கோளாறு இல்லை என்பது மாமாவுக்கு மட்டும் தெரியாது.

மாமாவின் செல்லம் அவருடைய தங்கை மகள். அவள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று அழுத நாளிலிருந்து அவள் மூக்கில் ஏறிய ஒவ்வொரு கண்ணாடியும் மாமா கையால் போட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் வருஷம் தவறாமல் வந்து அந்த நாற்காலியில் ஏறுவாள். வருஷம் தவறாமல் அவரும் கேட்பார்.

ஒரு வருஷம் மட்டும் அவர் கேட்கவே இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. அவள் கண் பவர் கால் பாயிண்ட் மாறியிருந்தது. கர்ப்பமானால் சிலருக்குப் பார்வை கொஞ்சம் மாறும் என்று மாமா எப்போதோ படித்திருந்தார். பொங்கி வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல அவளைப் படி இறங்கும்வரை கையைப் பிடித்து வழியனுப்பிவிட்டு, போனை எடுத்தார். "தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாதே..."

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், அம்மா, மாமியார், பெரியம்மா மூன்று பேரும் உள்ளே இருக்கிறார்கள். கட்டிலை இழுத்துப் பாத்ரூம் பக்கம் போட்டாகிவிட்டது. அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடக்கூடாது என்று அவள் கணவனுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. பாவம், பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிற அந்தப் பையன், இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியாமல் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான். இல்லை என்று அவள் சொன்னபோது மூன்று முகமும் வாடிய வாட்டம் இருக்கிறதே, அவள் ஏதோ களவு செய்துவிட்ட மாதிரி! கட்டிலை யாரும் திருப்பிப் போட்டுவிட்டுப் போகவில்லை.

பிறகு அவள் கடைப்பக்கமே வரவில்லை. வருஷம் முடிந்தும் வரவில்லை. மாமாவுக்கு இருப்புக்கொள்ளாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே அவள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தாள். அவள் மூக்கில் புதுக் கண்ணாடி. வேறு கடைக் கண்ணாடி.

"இது... எங்க போட்டே?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட, மாமா."

"பவர் யாரு பாத்தா?"

"ஒரு பொண்ணு. எழுத்தைப் படிக்கச் சொன்னா, படிச்சேன். வேற ஒரு வார்த்தை பேசல. அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

இடது காது பக்கம் சட்டம் சற்று இறங்கியிருந்தது. வில்லையின் நடு, கண்ணுக்கு நேராக இல்லை. வாசலில் நின்றபடியே மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டார். பார்த்து என்ன செய்ய? சொந்த மருமகள் மூக்கில் அடுத்தவன் சட்டம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கை வைக்கத் தனக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தேவிட்டது. அத்தை, "கேட்டீங்கள்ல, அனுபவிங்க" என்றாள்.

ஆனால் அத்தைதான் மறுநாளே அவளுக்குப் போன் செய்தாள். அந்த வாரக் கடைசியில் மருமகள் கடைக்கு வந்தாள். நாற்காலியில் ஏறுமுன் நிபந்தனை போட்டாள்.

"மூக்கை அழுத்துது, மாமா. தலைவலி வேற. ஆனா ஒரு கேள்வியும் கேக்காம சரி பண்ணித் தரணும். கேட்டீங்கன்னா அப்படியே எறங்கிப் போயிடுவேன்."

மாமா தலையாட்டினார். விளக்கை அணைத்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி வந்தது. கல்லாவில் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நெற்றியில் வேர்வையோடு மாமா வாயைத் திறந்தார்.

"நீ... எவ்ளோ தூரத்துல வச்சுப் படிக்கறே?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "போன வருஷம் அச்சகத்துல பிழை திருத்துற வேலைக்குச் சேந்தேனே, மாமா. நாள் பூரா பொடி எழுத்து. மூக்குக்கிட்ட வச்சுத்தான் படிப்பேன்."

கால் பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதை மட்டும்தான் அவர் கேட்கவே இல்லை.

சட்டத்தைச் சூடாக்கி, காதுப் பக்கத்தை வளைத்து, ஊதி ஆறவைத்து, மாட்டிவிட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்:

"வேணும்னும் முடிவு பண்ணல, வேணாம்னும் முடிவு பண்ணல, மாமா. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசணும்னு பாக்கறோம். எங்க பேச? எங்களுக்கு நடுவுல நீங்க அத்தனை பேரும் உக்காந்திருக்கீங்க."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்திரிச்சிக்கறேன்மா" என்றார். சொன்னபடி எழுந்துகொண்டார், கட்டிலை நகர்த்திய அந்த மூன்று பேருக்கும் போன் போட்டு, அவர்களையும் கிளப்பிவிட்டார். மருமகள் இப்போது பழையபடி இந்தக் கடைக்குத்தான் வருகிறாள்.

மாமா அடியோடு திருந்திவிட்டாரா என்றால், அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது. அவள் படி இறங்கியதும் ஒரு புது மாப்பிள்ளை வந்து நாற்காலியில் ஏறினான். மூன்றாவது வரிவரைக்கும் மாமா தாக்குப்பிடித்தார். அதற்குமேல் அத்தை இருமித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அவர் கிடக்கட்டும். நீங்கள் நல்லவர், இவ்வளவு நேரம் மாமாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஆனால் உங்களுக்கும் நாக்கு நுனியில் ஏதோ நமநமவென்கிறதே? கடைசியில் அந்தப் பெண்ணும் அவள் கணவனும் என்ன முடிவு செய்தார்கள், ஏதாவது விசேஷம் உண்டா இல்லையா, அதைச் சொல்லாமல் முடிக்கிறார்களே என்றுதானே? நெற்றியைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஒரு புருவம் மட்டும் உயர்ந்திருக்கும்.