மூன்று மைலுக்காக அடித்த தகரம்

அரைகுறையாகப் படித்த பௌதிகத்தைப் போல ஆபத்தான சாமான் வேறு கிடையாது. முழுதாகப் படித்தவன் பேசாமல் இருப்பான். படிக்காதவன் மெக்கானிக்கிடம் போவான். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். இருபத்தொரு வயது, வேலை இல்லை, தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி, பெற்றோல் தட்டுப்பாடான காலம். ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பருத்தித்துறையில் கணக்கு வாத்தியார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பி தோழனாகப் போய், தானும் தலைப்பா வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். நீர்வேலியிலிருந்து போய்வர இருபத்தெட்டு மைல். சித்தப்பாவின் கிழட்டு ஒஸ்ரின் கார் கலனுக்கு இருபத்தைந்து மைல்தான் ஓடும். கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்ததோ ஒரே ஒரு கலன் பெற்றோல்.

மூன்று மைல் இடித்தது.

வாசிகசாலையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை பார்த்திருந்தேன். காரை எதிர்க்கும் காற்றுத்தான் பெற்றோலைக் குடிக்கிறதாம். காரின் முகத்தை மழமழவென்று மூடி, பின்பக்கத்தை மீன் வால்போல ஒடுக்கினால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். அவ்வளவுதானே! மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, றேடியேற்றருக்கு முன்னால் இருந்த கம்பிச் சட்டத்தை ஒரு துவாரம் விடாமல் அடைத்தேன். பின்னால் தகரத்தில் ஒரு வால்.

சித்தப்பா காரைச் சுற்றி வந்தார். "உது ஓடுமோடா?"

"ஓடும் சித்தப்பா. பறக்கும்."

"பறக்க வேண்டாம். ஓடினால் காணும்."

அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாலு வருடம் பொருத்தம் பார்த்து, இரண்டு முறை தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த இடம் அது. "தம்பி, பதினொரு மணிக்குள்ளை தாலி கட்டவேணும். நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, அது போதும்" என்றாள். அவள் கெஞ்சியது எனக்குக் கேட்டது. கேட்டும் தகரத்தைக் கழற்றவில்லை.

காலையில் சாரதியும் நானே, தோழனும் நானே. வல்லை வெளியில் கார் அப்படி ஓடியது! வீடு வாசல் இல்லாத அந்த வெட்டையில், மிதியில் கால் பட்டும் படாமலும் இருக்கப் பறந்தது. எல்லாம் என் தகரத்தின் மகிமை. (எஞ்சின் கொஞ்சம் கொதித்த மணம் வந்தது. கலியாணக் காருக்கும் ஒரு பதற்றம் இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன்.)

மாப்பிள்ளையின் ஆட்கள் முதல் பஸ்ஸிலேயே நீர்வேலிக்குப் போய்விட்டார்கள். காரில் மாப்பிள்ளை, அவருடைய மாமா, கூறைச் சேலைத் தட்டோடு அவருடைய தங்கை. திரும்பி வருகையில் வல்லை வெளி நடுவில் முதலில் வால் கழன்று கடல்நீரேரிப் பக்கம் பறந்தது. அடுத்த நிமிடம் முன்னால் புஸ்ஸென்று ஆவி.

"என்ன தம்பி, புட்டு அவிக்கிறியோ?" என்றார் மாமா.

இறங்கினேன். கார் மூடியைத் திறந்தேன். அவசரத்தில் என் தலைப்பாவைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திருகினேன். கொதிநீர் சீறி வந்து கையைப் பதம் பார்த்தது. தலைப்பா அவிந்தே போயிற்று. ஊற்றுவதற்கு ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. சுற்றிவர இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். மணி பத்தேகால். அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேவிட்டேன்.

மாப்பிள்ளை மெதுவாக இறங்கி வந்தார். றேடியேற்றருக்குக் காற்றே போகாமல் அடைத்திருந்த தகரத்தைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, காலமை வரேக்கை சோளகக் காத்து உமக்குப் பின்னாலை நிண்டு தள்ளியிருக்கு. இப்ப முன்னாலை நிக்குது. நீர் காத்தைக் கணக்கிலை எடுக்கேல்லை."

அப்போதுதான் பருத்தித்துறையிலிருந்து பஸ் வந்தது. வெட்டைக்கு நடுவில் பட்டும் தலைப்பாவுமாக ஒரு மாப்பிள்ளை நிற்பதைக் கண்டால் எந்தச் சாரதி நிறுத்தாமல் போவான்? காரை அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் ஏறினோம்.

"மாப்பிளைக்கு முன்சீட்டை விடுங்கோ!" என்று கத்தினார் கொண்டக்டர். அங்கே பனையோலைக் கடகம் நிறைய மீனோடு இருந்த ஒரு அம்மா எழுந்தார். "நீ இரு ராசா, நான் பின்னாலை போறன். பட்டிலை மணம் பிடிச்சிடும்."

பஸ் இடையில் எங்கும் நிற்கவில்லை. இறங்கவேண்டியவர்கள்கூட, "முதல்லை தாலியைக் கட்டட்டும்" என்று இருந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசல்வரை ஒரே ஹோர்ன் சத்தம். மேளகாரர் திகைத்துப்போய், பிறகு பஸ்ஸைப் பார்த்தே வாசிக்கத் தொடங்கினார்கள்.

வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ, அவர் தோழனுக்கு மோதிரம் போட வேண்டும். வெந்த கையால் கழுவினேன். விரல்கள் வீங்கிக் கிடந்ததால் மோதிரம் ஒன்றிலும் ஏறவில்லை. கடைசியில் சுண்டுவிரலில் செருகிவிட்டார். பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. சனத்துக்கு நடுவில் அக்கா தலையைத் தூக்கி என்னைத்தான் தேடினாள். பந்தியில் மீன்கார அம்மா என் பக்கத்தில் இருந்து இரண்டு தரம் பாயாசம் வாங்கினார்.

அந்த மோதிரம் இன்றும் சுண்டுவிரலில்தான் இருக்கிறது. ஏன் அதிலே என்று யாராவது கேட்டால் போதும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

போன மாதம் புதுக் கார் வாங்கினேன். அக்கா ஏறுவதற்கு முன் குனிந்து அதன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அத்தான் இரண்டு தண்ணீர்ப் போத்தலோடு பின்சீட்டில் ஏறினார்.

"என்னத்துக்கு அத்தான் ரெண்டு?"

"ஒண்டு எனக்கு" என்றார். "மற்றது உம்மடை காருக்கு."