நடுரோட்டில் நிற்காத வண்டி

பல் டாக்டரின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. மீதி டாக்டர் காருக்கு அடியில் இருந்தார்.

மனைவி குனிந்து செல்போனை அந்த இருட்டுக்குள் நீட்டினாள். "பெரியப்பா பேசறார்."

"அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லேன்."

"சொல்லிட்டேன். பரவாயில்ல, லைன்லயே இருக்கேங்கறார்."

டாக்டர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

"மாப்பிள்ளை, வண்டி எப்படி ஓடுது?"

"வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது மாமா," என்றார் டாக்டர். அவர் மூக்குக்கு நேர் மேலே நான்கு நாளாகக் கழல மறுக்கும் நட்டு ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பொய்க்கு வயது மூன்று. மனைவியின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வெளியூரில் தனி வீட்டில் இருந்தவர்கள். அதை விற்றுவிட்டு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனபோது, அவர்களோடு படியேற முடியாமல் போன ஒரே சொத்து அந்தப் பழைய கார். சாம்பல் நிறம், உருண்டை விளக்கு, சோபா மாதிரி சீட்டு. பிள்ளையில்லாத மனிதர் அதைப் பிள்ளையாகவே வளர்த்துவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் யோசித்தார்கள். அவர் யோசிக்கவே இல்லை.

"வாய்க்குள்ள, கண்ணுக்கே தெரியாத இடத்துல கையை விட்டு வேலை பாக்கிறவர் நம்ம மாப்பிள்ளை. அவருக்கு என்ஜின் எம்மாத்திரம்?"

வழியில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று லாரியில் ஏற்றி அனுப்பினார். வந்து இறங்கியதும் டாக்டர் ஆசையாக உட்கார்ந்து சாவியைத் திருகினார். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. லாரி குலுங்கியதில் ஏதோ ஆகியிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது.

"ஓடுதா மாப்பிள்ளை?"

அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டால் யாருக்கும் உண்மை பேச மனது வராது. "ஓடுது மாமா," என்றார் டாக்டர்.  எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வண்டியைப் பிரிந்த ஏக்கம், பாவம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

பொய் சொல்வது சுலபம், அதற்கு வாராவாரம் தீனி போடுவதுதான் கஷ்டம். மூன்று வருடத்தில் அந்த வண்டி மலை ஏறியது, கடலைப் பார்த்தது, கொட்டும் மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. குழந்தை நடக்கிறதா, பல் முளைத்ததா என்று பெரியப்பா மறக்காமல் விசாரிப்பார். பக்கத்து வீட்டில் உண்மையில் இருந்தது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் அவருடைய பூனையும்தான்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை," என்றார் பெரியப்பா இப்போது. "ஞாயித்துக்கிழமை காலைல நானும் உங்க அத்தையும் ரயில்ல வர்றோம்."

டாக்டர் திடுக்கிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். காருக்கு அடியில் எழுந்து உட்கார முடியாது என்பதை நெற்றி தெரிந்துகொண்டது.

"அடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணு ஏற்கெனவே போச்சு. இருக்கிற ஒண்ணுக்கும் உத்தரவாதம் கிடையாதுங்கறாங்க. அதுக்கு முன்னால நம்ம வண்டி ரோட்டுல போறப்போ ஒரு தடவை அதுல உட்காந்து பாத்துடணும். வேற ஆசையே இல்ல எனக்கு."

போனை வைத்தபின் டாக்டர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மனைவிதான் காலைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

"கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை பாக்கணுங்கறார். அவர்கிட்ட போயி, மூணு வருஷமா ஒரு அடி நகரலன்னா சொல்லச் சொல்றே?"

மனைவி அவர் கன்னத்து எண்ணெயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சரி, நீ சின்ன வயசுல இதுல போயிருப்பியே. இவர் எப்படி ஸ்டார்ட் பண்ணுவார்?"

"எங்க போனோம்? லீவுக்குப் போனா கவரைப் போட்டு மூடி வச்சிருப்பார். சீட்டு அழுக்காகும்னு எங்களைக் கதவையே தொட விட மாட்டார். எங்க போனாலும் பஸ்தான்."

வியாழக்கிழமை டாக்டர் பெரியப்பாவுக்கே போன் போட்டுப் பார்த்தார். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன் மாமா. ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணினா நீங்க என்ன செய்வீங்க?"

"என்கிட்ட இருந்த நாப்பது வருஷத்துல இது நடுரோட்டுல ஒரு நாள் நின்னதில்ல மாப்பிள்ளை," என்றார் பெரியப்பா.

டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது வருடம் அங்கே சொன்ன பேச்சைக் கேட்ட வண்டி, இவர் கைக்கு வந்து சீரழிந்துவிட்டது.

அன்று மத்தியானமே புது பேட்டரி வாங்கி மாட்டினார். மாட்டிய கணம் ஹார்ன் அலறத் தொடங்கியது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எந்த ஒயர் என்று தெரியாமல் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றில் செருகினார். ஹார்ன் நின்றது. வைப்பர் ஆடத் தொடங்கியது. சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்போதே அது பாட்டுக்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் தெருக்கோடி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "உள்ள பூரா அடைப்பு. பெட்ரோல் ஊத்திப் பிரிச்சுக் கழுவிக் காய வைங்க. நாளைக்கு மாட்டிக்கலாம்."

சுத்தம் செய்வதில் டாக்டரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமை காலை கிளினிக்குக்கே அதை எடுத்துப்போய், துண்டு துண்டாகப் பிரித்து, கழுவித் துடைத்து, ஒரு தட்டில் அழகாக அடுக்கி வைத்தார். தட்டில் எது இருந்தாலும் கொதி நீராவியில் வேகவைத்து எடுப்பது நர்சம்மாவின் பதினைந்து வருடப் பழக்கம். வேகவைத்தார். அடுத்து வந்த கடைவாய்ப்பல் ஆசாமியின் மார்புக்கு நேராகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆசாமி வாயை மூடிக்கொண்டார். "டாக்டர், இது அத்தனையும் என் வாய்க்குள்ளயா?"

"இல்லல்ல, இது வேற கேஸு," என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் போனில் கூப்பிட்டு, ரப்பர் வாஷர் பத்திரமா என்று கேட்டார். டாக்டர் தட்டைப் பார்த்தார். ரப்பர் வாஷர் எல்லாம் வெந்து சுருங்கி மிளகு அளவில் கிடந்தன. "எல்லாம் போச்சு. ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கு," என்றார் போனில். ஆசாமி கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் காலத்து வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. மெக்கானிக் வேறெதையோ வெட்டிப் பொருத்தி, சனிக்கிழமை மத்தியானம் சாவியைத் திருகினார். வண்டி இருமியது. செருமியது. பிறகு உண்மையாகவே ஓடியது. டாக்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது எண்ணுவதற்குள் ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. மெக்கானிக் அணைத்துவிட்டார்.

"ஓட்டையைப் பத்த வைக்கிற சாமான் ஷெட்ல இருக்கு. போய் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க டாக்டர், கும்பிடறேன்."

தொடாமல்தான் இருந்தார், ஐந்து நிமிடம். ஓட்டையை அடைப்பது அவருடைய தொழில். இருபது வருடமாக ஊரிலுள்ள ஓட்டைகளை எல்லாம் அடைத்தவர், சொந்த வண்டியின் ஓட்டைக்கு இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காத்திருப்பதா? பல் சொத்தைக்கு வைக்கும் சிமெண்டைக் குழைத்தார். வெளியே பூசினால் ஒழுகும் என்று மூடியைத் திறந்து உள்பக்கமாகவும் தாராளமாக ஊற்றினார். மூன்றே நிமிடத்தில் கல்லாக இறுகும் உயர்ந்த சரக்கு அது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஓட்டையை அடைச்சீங்க, சரி. தண்ணி போற வழியையும் சேர்த்து அடைச்சுட்டீங்களே. இனி ஸ்டார்ட் பண்ணினா என்ஜின் வெந்துடும்."

"வேற வழியே இல்லையா?"

"நாளைக்குள்ள ஒண்ணும் முடியாது." மெக்கானிக் தெருவைப் பார்த்தார். டாக்டர் வீடு மேட்டில் இருந்தது. தெரு அங்கிருந்து இறங்கி, நேராக அவருடைய ஷெட் வாசலில் போய் முடிந்தது. "ஆனா உருளறதுக்கு என்ஜின் எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவும் பெரியம்மாவும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனில் நிறுத்த இடம் கிடைக்காது என்று டாக்டர் முன்னாலேயே ஒரு பொய்யைப் போட்டு வைத்திருந்தார். பெரியப்பா வீட்டுக்குள்கூடப் போகவில்லை. காரின் உடம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தவர், பக்கத்து வாசலில் ஆள் நிற்பதைக் கண்டு நின்றார்.

"பிரசவத்துக்குப் போன வீடு இதுதானே? குழந்தை என்ன பண்ணுது?"

"தூங்குது," என்றார் கணக்கு வாத்தியார், பூனையைக் கீழே விட்டபடி. தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா முன் சீட்டில் ஏறினார். பெரியம்மா யாரும் சொல்லாமலே பின்கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்து, பையிலிருந்து பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரையும் ஊசிகளையும் எடுத்தார். டாக்டர் பிரேக்கை விட்டார். பின்னால் மனைவியும் வாத்தியாரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. பெரியம்மாவின் கையிலிருந்து ஓர் ஊசி நழுவிக் கீழே விழுந்தது.

இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. வீடுகளும் மரங்களும் பின்னால் போயின. பெரியப்பா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அமைதி மாப்பிள்ளை. என்ஜின் சத்தமே கேக்கலையே."

"நல்லா ட்யூன் பண்ணியிருக்கேன் மாமா."

"வெளியே மழையா?"

"இல்ல மாமா. வைப்பரும் நல்லா வேலை செய்யுதுன்னு காட்டத்தான்."

ஷெட் வாசலில் மெக்கானிக் அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டையில் மெத்தென்று முட்டி வண்டி நின்றது. பெரியப்பா இறங்கினார். டாக்டரின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது போதும் எனக்கு. இனிமே கண்ணு வந்தாலும் சரி, வராட்டியும் சரி." மெக்கானிக் அவரைக் கைத்தாங்கலாக ஷெட்டுக்குள் அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

 இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று டாக்டருக்கு உறுத்தியது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. பின் சீட்டுப் பக்கம் திரும்பினார். பெரியம்மா இன்னும் இறங்கவில்லை.

"அத்தை, உங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லிடறேன். வண்டி ஓடல. உருண்டுச்சு. மூணு வருஷமா நான் சொன்னது அத்தனையும் பொய்."

"தெரியும். பின்னாடி ரெண்டு பேரு தள்ளினதைப் பாத்தேன்."

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க. நாப்பது வருஷம் அவர் நிக்காம ஓட்டின வண்டி. நான் கெடுத்து வச்சுட்டேன்."

பெரியம்மா குனிந்து ஊசியைத் தேடி எடுத்தார். சீட்டை ஒரு தரம் தடவிக் கொடுத்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து தினம் சாயங்காலம் இதுல வந்து உட்காந்துக்கிட்டு இருந்தேன் மாப்பிள்ளை. இது நகர்ந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்."