மூணு நிமிஷம் அக்கா ராட்டினம் ஏறினார்

காவேரிக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, மூணு நிமிஷம் அக்காவைப் போல இன்னொருவர் இருந்ததில்லை. இருந்திருந்தால் திருச்சி தாங்கியிருக்காது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ஹாஸ்டல் ரிஜிஸ்தரில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தெப்பக்குளம் பக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் தங்கியிருந்தேன். நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போதெல்லாம் டிரங்க் காலுக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்துப் பேச ஆரம்பித்தால், மூன்றாவது நிமிஷத்தில் நடுவே ஒரு குரல் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்கும். அந்தக் குரல்தான் எங்கள் அக்கா. எக்ஸ்சேஞ்சில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் இலவசமாகவே செய்தார்.

குளிக்கப் போனால் மூன்றாவது நிமிஷம் கதவு தட்டப்படும். தலை நிறையச் சீயக்காயோடு உள்ளே நிற்பவள், நீட்டிக்கணுமா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு புதுப் பெண் தேம்பியபோதும் அக்கா பக்கத்தில் போய்த் தோளைத் தட்டி அதையேதான் கேட்டார். அவள் திகைத்துப் போய் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா, மூணு நிமிஷத்துக்கு மேல அழ யாருக்கும் விஷயம் கிடையாது" என்றார் அக்கா.

டிரங்க் காலில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு உண்டு. லைட்னிங் என்றால் மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு முதலில் போகும். ஹாஸ்டலில் இருந்த ஒரே கக்கூசுக்கும் அக்கா இந்த வரிசையைத்தான் வைத்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிபவளிடம், "என்ன தினுசுன்னு முதல்ல சொல்லு" என்பார்.

எனக்கு வாழ்க்கையில் அப்போது ஒரே ஒரு லட்சியம்தான். அக்கா எதையாவது ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று, "மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஆனால் அக்கா ஆசையாக எதையும் செய்கிற ஆளாகத் தெரியவில்லை. ஐந்து வருஷம் காத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார். நாம் வாயைத் திறந்ததும் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். நாள் முழுக்கக் குரலோடு மட்டுமே குடித்தனம் பண்ணியதில், முகம் அவருக்கு ஓர் இடைஞ்சலாகிவிட்டது. ஒரு தடவை பெரிய கடைவீதியில் எங்கள் வார்டன் அம்மாள் எதிரே வந்து சிரித்தார். அக்கா யாரோ என்று விலகிப் போய்விட்டார்.

"என்னம்மா, கண்டுக்காம போறே?" என்று வார்டன் பின்னாலிருந்து கேட்டதும்தான் திரும்பினார்.

"அடடே, நீங்களா. முன்னாடியே பேசியிருக்கக் கூடாதா?"

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை உட்கார வைத்து, "நாம நாலு பேரும் பொங்கல் கழிச்சு மெட்ராஸ் எக்சிபிஷனுக்குப் போறோம், ஜெயண்ட் வீல்ல ஏறுறோம்" என்றார். கேட்டுக்கொண்டிருந்தது நானும், பக்கத்து அறை ஸ்டெல்லா டீச்சரும், என் ஆபீஸ் டைப்பிஸ்ட் வேதவல்லியும். ஸ்டெல்லா டீச்சர் ஸ்கூலில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவர். எதைச் சொன்னாலும் சிரிப்பார். வேதவல்லிக்கு வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். எதைச் சொன்னாலும் பயப்படுவாள்.

"அதெல்லாம் கொழந்தைகள் ஏறறதுன்னா? நமக்கெதுக்குக்கா?" என்றாள் வேதவல்லி.

"குழந்தைங்க ட்ரெய்னிங் இல்லாம ஏறுதுங்க, அதான் கத்துதுங்க. நாம ட்ரெய்னிங் எடுத்துட்டுப் போவோம்."

எடுத்தோம். முதலில் உயரத்துக்கு. மலைக்கோட்டை உச்சிக்கு எங்களை ஏற்றி, கம்பியைப் பிடிக்காமல் மூன்று நிமிஷம் கீழே பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எனக்குக் காவேரியும் பாலமும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. வேதவல்லி கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நின்றாள்.

"கீழ பாரு, வேதா."

"நான் பெருமாளை ஸேவிச்சுண்டிருக்கேன்க்கா."

"பெருமாள் அந்தப் பக்கம். நீ கும்புடறது பொன்மலை."

அடுத்தது சுற்றலுக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு பரிசல்காரரைப் பிடித்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் அவர், "அக்கரைக்குத்தானேம்மா?" என்று கேட்டார்.

"எந்தக் கரைக்கும் வேணாம். இங்கேயே மூணு நிமிஷம் சுத்துங்க."

அவர் எங்கள் நாலு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுச் சுற்றினார். ஸ்டெல்லா டீச்சர் விடாமல் சிரித்தார். நான் காலையில் தின்ற இட்லியைக் காவேரிக்குக் கொடுத்தேன். மூன்று நிமிஷம் முடிந்து அக்கா, "நீட்டிக்கணுமா?" என்று கேட்டபோது எங்களோடு சேர்ந்து பரிசல்காரரும் வேண்டாம் என்றார்.

எக்சிபிஷனைப் பற்றி அக்காவுக்குத் தெரியாத விஷயமே இல்லை. எந்த வாசலில் கூட்டம் குறைவு, குண்டாகக் காட்டும் கண்ணாடி எங்கே, மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரணக் கிணற்றில் எந்தப் படியில் நின்றால் புகை அடிக்காது என்று எல்லாம் சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மெட்ராஸ் சொன்னாங்க" என்பார்.

மெட்ராஸ் என்பது அந்த முனையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர். ஒன்பது வருஷமாக அதே குரல். ஆபரேட்டர்கள் தங்களுக்குள் அரட்டை அடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் லைன் போட்டுவிட்டு, கூப்பிட்ட ஆள் போனை எடுக்கும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். ஒன்பது வருஷ சிநேகமும் அந்த இடைவெளிகளில் நடந்ததுதான். பெயர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் மெட்ராஸ், இவர் திருச்சி.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வேதவல்லி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அப்பா பஞ்சாங்கம் பாத்துட்டார். சனிக்கிழமை கெழக்கே சூலமாம். போகப்படாதுங்கறார்."

"மெட்ராஸ் வடக்குலல்ல இருக்கு?" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"அப்பாவுக்கு அது வடகெழக்கு."

நாலு பேராகப் போனால்தான் அனுப்புவேன் என்று வார்டன் கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு உள்ளூர நிம்மதி. பரிசலே இந்தப் பாடு படுத்தியதென்றால் ராட்டினம் என்ன படுத்தும்? "அடுத்த வாரம் போயிக்கலாமேக்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து எங்களை நேராகப் பார்த்தார். அந்தக் கண்களை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். "அடுத்த வாரம் லைன் இருக்காது" என்றார். "மெட்ராஸோட வீட்டுக்காரருக்கு டெல்லிக்கு மாத்தல். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ராட்டினத்து டிக்கெட் கவுண்டர்ல வந்து நிக்கிறேன்னாங்க. திங்கக்கிழமை ரயிலேறிடுவாங்க. அப்புறம் அந்தப் பக்கம் வேற யாரோ ஹலோ சொல்லுவாங்க." வேதவல்லி பக்கம் திரும்பி, "எனக்கு இது லைட்னிங், வேதா" என்றார்.

மலைக்கோட்டையும் பரிசலும் எதற்கென்று அப்போது புரிந்தது. வேதவல்லி மூக்கை உறிஞ்சினாள். பயந்தாங்கொள்ளிக்கும் ஒரு நேரம் வரும்போல. "பரஸ்தானம் வெச்சுடறேன்க்கா. அதுக்கு அப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றாள். அதாவது, நல்ல நாளான வெள்ளிக்கிழமையே அவளுடைய பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பி எங்கள் ஹாஸ்டலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு உடம்பு மட்டும் சனிக்கிழமை போனால் சூலம் அதைக் கண்டுகொள்ளாது. அப்படியே பெட்டி வந்தது. கூடவே ஒரு தூக்கு நிறையப் புளியோதரையும் பரஸ்தானமாக வந்தது.

சனிக்கிழமை காலை ரயிலேறி, மெட்ராஸில் ஸ்டெல்லா டீச்சரின் சித்தி வீட்டில் சாமான்களைப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு முன்பே ராட்டினத்தடியில் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்றோம். திட்டம் துளி பிசகவில்லை. அக்கா புது வாயில் புடவையில் இருந்தார். கையில் ஒரு பொட்டலம். மெட்ராஸுக்குப் பிடிக்கும் என்று மணப்பாறை முறுக்கு.

"உங்க மெட்ராஸ் பாக்க எப்படி இருப்பாங்கக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ராட்டினத்தைப் பார்த்தார். மூன்று மாசம் திட்டம் போட்டவர், உச்சிக்கும் சுழலுக்கும் ஒத்திகை பார்த்தவர், இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளவில்லை. என்ன கலர் புடவை என்று அவரும் கேட்கவில்லை, அந்த அம்மாளும் கேட்கவில்லை. "குரல் தெரியுமே" என்றார் கடைசியில்.

குரலாம். தலைக்கு மேலே இரண்டு ஒலிபெருக்கிகள் ஆளுக்கொரு சினிமாப் பாட்டை அலறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மரணக் கிணற்று மோட்டார் சைக்கிள். அப்பளக்காரன் மணியடித்தான். அக்கா தனியாக நின்ற பெண்களிடம் போய், கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, "ஹலோ" என்றார். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒருத்தியின் புருஷர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். எதுவும் காதில் விழாமல் அக்கா அவருக்கும் ஒரு ஹலோ சொன்னார்.

ஆறரை ஆகிவிட்டது. அக்காவின் கையில் முறுக்குப் பொட்டலம் நசுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. வேதவல்லி என் காதில் கத்தினாள்: "கியூவுல முன்னாடி நிக்கற குண்டு மாமியைப் பாரு. கொடையால என்னை இடிச்சுட்டு முந்திண்டு போயிட்டா. இப்போ நின்னுண்டே தூங்கறா."

வந்ததற்கு ஏறியாவது விடுவோம் என்று ஸ்டெல்லா டீச்சர் கைச்சாடையில் சொன்னார். பின்னாலிருந்து கியூ தள்ளிய தள்ளலில் குடைக்கார அம்மாள் ஒரு தொட்டிலில் ஏறினார். அடுத்ததில் நாங்கள் ஏறினோம். ஆள் ஏற்ற ஏற்ற, தொட்டில்கள் நின்று நின்று மேலே போயின. எங்கள் தொட்டில் உச்சிக்குப் போனதும் நின்றது. பாட்டும் மோட்டார் சைக்கிளும் கீழே தங்கிவிட்டன. மேலே காற்று மட்டும்தான். எடுத்துக்கொண்ட ட்ரெய்னிங் எல்லாம் பொன்மலை பக்கம் போய்விட்டது. அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். பயத்தில் எல்லோரும் சாமியைக் கூப்பிடுவார்கள். அக்காவின் வாயில் வேறு வந்தது.

"ஹலோ மெட்ராஸ். ஹலோ மெட்ராஸ். திருச்சி பேசறேன்."

முன்னால் இருந்த தொட்டிலிலிருந்து, எண்ணெய் போட்டு வாரிய தலைமுடிபோல வழுவழுப்பான ஒரு குரல் வந்தது.

"சொல்லுங்க திருச்சி. லைன் கிளியரா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஒரு குடையின் பிடி தெரிந்தது. நின்றுகொண்டே தூங்கியதாக வேதவல்லி சொன்ன அம்மாள், அரைமணி நேரமாக எங்களுக்கு நாலடி முன்னால் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, திருச்சியைக் காதால் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராட்டினம் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் அலறினார்கள். நடுவே இரண்டு குரல்கள் மட்டும், வந்துட்டீங்களா, வந்துட்டேன், சாப்டீங்களா என்று பேசிக்கொண்டே மேலும் கீழும் போய் வந்தன.

இறங்கி எதிரெதிரே நின்றதும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் அக்கா அவருடைய கையைப் பிடித்து, சத்தமில்லாத வேலியோரம் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். தோளோடு தோள் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். உடனே பேச்சு மடை திறந்ததுபோல வந்தது. நடுவில் முறுக்குப் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

நான் பின்னால் போய் நின்றேன். ஐந்து வருஷம் காத்திருந்த தருணம். அக்கா ஆசை ஆசையாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். என் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது, அதில் சரியாக மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. இந்த மனுஷியை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, புளியோதரை மிச்சமிருக்கிறதா என்று வேதவல்லியைக் கேட்கப் போனேன்.