மிஸ்டுகால் அண்ணாச்சி காட்டிய இலங்கை

கைப்பேசியில் பேசாமலே வாழ்ந்து காட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மிஸ்டுகால் அண்ணாச்சி. தக்கலையில் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் ஸ்டோர் அவர் பொறுப்பு. பஸ் ஏறினால் வீட்டுக்கு ஒரு ரிங். இரணியலில் இறங்கினால் இரண்டு. மூன்றாவது ரிங் கேட்டால் வீட்டில் தோசைக்கல் காய வேண்டும். இப்போதெல்லாம் எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம்தானே என்று கேட்டால், "அதுக்காக வாயில வந்ததெல்லாம் பேசணுமா மக்கா?" என்பார்.

கம்பெனி எங்களை இலங்கைக்குச் சுற்றுலா அனுப்பியபோது அவர் கொடி உயரப் பறந்தது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்கு முன்பே எங்கள் எல்லோருடைய போன்களையும் வாங்கி டேட்டா ரோமிங்கை அணைத்தார். வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பவரைப் போல ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்த்தார். கொழும்பில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கான சிம் ஒன்றே ஒன்று வாங்கித் தன் போனில் போட்டார்.

"பழைய நம்பர்லயே வாட்சப் ஓடும். ஆளுக்கொரு சிம் என்னதுக்கு? எனக்க பக்கத்துல நின்னா போதும்" என்று ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார்.

அதன்பிறகு தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகளைப் போலத்தான் நாங்கள் இலங்கையைச் சுற்றினோம். அவர் கழிப்பறைக்குப் போனால் வாசலில் போனும் கையுமாக நின்றோம். கண்டியில் ஒரு கடைக்காரர், இத்தனை பேர் சூழ வருகிறவர் யாரோ மந்திரி என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணாச்சி மறுக்காமல் உட்கார்ந்தார்.

ஆனால் ஆட்சி கொடுங்கோல். கணக்குப் பிரிவு ஜெபராஜ் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினால் ஓவர் முடிவதற்குள் இணைப்பு போய்விடும். வீடியோ ஓடினால் டேட்டா பேக்கேஜ் தீர்ந்துவிடும், வாட்சப் செய்தி மட்டும் பார்த்துக்கொள் என்பார். கஞ்சப் பிசினாரி என்று ஜெபராஜ் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

நுவரெலியாவில் தேநீருக்காக வேனை நிறுத்தினார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லா போன்களிலும் ஒன்றாக நெட் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சியைக் காணவில்லை. கூப்பிடலாமென்றால் எங்கள் நெட்டே அவர் கையில். மூடுபனி இறங்குகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார் டிரைவர். ஜெபராஜின் முகம்தான் முதலில் வெளுத்தது.

"அவருக்கு சுகர் உண்டும் கேட்டியா. சரிவுல எங்கயாவது விழுந்து கெடந்தா?"

ஆளுக்கொரு பக்கமாகத் தேடினோம். நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினேன். பனியில் என் கால்களே எனக்குத் தெரியவில்லை. எங்கோ தண்ணீர் விழும் சத்தம். தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. சட்டென்று பையிலிருந்த போன் அதிர்ந்து செய்திகள் வரிசையாக விழுந்தன. ஹாட்ஸ்பாட் கிடைத்துவிட்டது, அப்படியென்றால் ஆளும் பக்கத்தில்தான். சிக்னல் கூடும் திசையில் நடந்தேன்.

ஒரு பாறையில் உட்கார்ந்து, போனைப் பனிக்குள் நீட்டிப் பிடித்திருந்தார். திரையில் அவர் மனைவி கிரேஸ் அக்கா. பஸ்ஸில் ஏறினாலே அக்காவுக்குக் குமட்டும். கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை.

"இது மேகமா?" என்றது போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல்.

"மேகமாக்கும்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி இன்னொரு கையைப் பனிக்குள் நீட்டி மூடினார். மூடிய கையைக் கேமராவுக்கு முன்னால் மெல்லத் திறந்து காட்டினார். உள்ளங்கை ஈரமாக மின்னியது.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று அக்கா சிரித்தார். "போதும், கை நோவும்."

"நோவாது. நீ பாரு."

கிரிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று விளங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பேக்கேஜும் தீர்ந்தது. சிரித்த முகத்தோடு படம் அப்படியே உறைந்து நின்றது. அண்ணாச்சி கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்து, "இம்புட்டுத் தூரம் வந்தும் அவளுக்குக் குமட்டல பாத்தியா" என்றார்.

மேலேயிருந்து ஜெபராஜ் கூப்பிட்டான். ஆள் கிடைத்துவிட்டார், வேனைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல் என்று குரல் கொடுத்துவிட்டு, ஈரப் பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.